எந்த மொழியில் கூப்பிட்டோம்?

(திருவள்ளூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கோமாவில் கிடப்பவர் எழுந்திருப்பாரா என்பதை மூளை அலைப் பதிவை (இ.இ.ஜி.) வைத்துச் சொல்ல முடியுமா என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். தேங்காயெண்ணெயிலிருந்து தொடங்குகிறேன். இ.இ.ஜி. அறையில் டெக்னீஷியன் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்: “தலைக்கு எண்ணெய் வெச்சிருக்கீங்களா?” எண்ணெய்ப் பிசுக்கின் மேல் மின்முனை ஒட்டாது. ஒட்டினாலும் தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே மின்தடை கூடிப் பதிவு கெட்டுவிடும். அதனால் வெளிநோயாளிகளைச் சீயக்காயோ ஷாம்புவோ போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள். நினைவில்லாமல் கிடப்பவரை யார் குளிப்பாட்டுவது? டெக்னீஷியனே பஞ்சை நனைத்துக்கொண்டு தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துத் துடைப்பார். சாலை விபத்தில் வந்தவர் என்றால் உறைந்த ரத்தமும் மண்ணும் இருக்கும். உருக்காலைத் தொழிலாளி என்றால் மயிர்க்காலெல்லாம் கருந்தூள் ஏறியிருக்கும். அவற்றைத் துடைத்து, மூக்கின் அடிப்பகுதியிலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை நாடா வைத்து அளந்து, 10 சதவீதம் 20 சதவீதம் என்று இடைவெளி கணக்கிட்டு, பசை வைத்து மின்முனைகளை ஒட்டுவார். இந்த அளவு முறை 1958-ல் உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. கோமாவில் கிடப்பவரின் தலையை இவ்வளவு பொறுமையாகத் தொடுகிறவர் ஐ.சி.யூ.வில் வேறு யாரும் இல்லை. இந்த உரையில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதலில் வருகிறவர்கள் அந்த டெக்னீஷியன்கள்.

அவர்கள் பிடிக்கப் பார்ப்பது மிக மெல்லிய ஒன்று. இதயத்தைப் பதியும் இ.சி.ஜி.யில் வருவது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட். மண்டையோட்டைத் தாண்டி வரும் மூளையின் மின்னழுத்தம் அதில் 10-ல் ஒரு பங்கிலிருந்து 100-ல் ஒரு பங்கு வரைதான். சுவரில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், வென்ட்டிலேட்டரின் அசைவு, மருந்தை ஏற்றும் பம்ப், குளிர்நடுக்கம், பக்கத்துக் கட்டிலை இழுக்கும் அதிர்வு எல்லாம் அதோடு சேர்ந்து பதியும். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் குரலைத் தேடுகிற தாயின் காது வேண்டும் அந்தப் பதிவைப் படிப்பதற்கு.

இந்தக் கருவியைத் தந்தவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹன்ஸ் பெர்கர். இளைஞனாக ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்கிச் சாகாமல் தப்பினார். அன்று மாலையே அவர் தந்தையிடமிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தொலைவில் இருந்த அக்காளுக்குத் தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மனத்தில் பட்டு, அப்பாவை வற்புறுத்தித் தந்தி அடிக்கச் செய்திருந்தாள். ஒரு மூளையின் தவிப்பு இன்னொரு மூளைக்கு எப்படிப் போனது என்ற கேள்வி பெர்கரை விடவில்லை. அந்தக் கேள்விக்கு அவருக்கு விடை கிடைக்கவில்லை. தேடிப் போன வழியில் 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் தயங்கி 1929-ல்தான் வெளியிட்டார். கூடப் பிறந்தவரின் தவிப்பிலிருந்து பிறந்த கருவி இது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்திருங்கள், இன்னொரு உடன்பிறப்பைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் நரம்பு மருத்துவத் துறை வேரூன்றிய காலமும் சொல்லத் தக்கது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் அதைத் தொடங்கினார். மறு ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். 1951-ல் இந்திய நரம்பியல் கழகம் உருவானபோது நிறுவியவர்களில் இவர்கள் இருவரும் இருந்தார்கள். இன்றைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்தால், 108 வண்டி கடைசியில் போய் நிற்பது பெரும்பாலும் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அதே மருத்துவமனையில்தான், அல்லது ஸ்டான்லியில்.

கோமா என்பது ஒரே நோய் அன்று. கண் திறக்காமல், கூப்பிட்டால் திரும்பாமல், கிள்ளினாலும் விழிக்காமல் இருக்கும் நிலை அது. அந்த நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வழிகள் பல, நம் மாவட்டத்தில் அவை எல்லாமே உண்டு. கவரைப்பேட்டை, எளாவூர் வழியாக ஓடும் கொல்கத்தா நெடுஞ்சாலை தலைக்காயங்களைத் தருகிறது. தூண்டல் உலைகளும் இரும்பு உருட்டாலைகளும் மின்னதிர்ச்சியைத் தருகின்றன. மின்னதிர்ச்சியில் இதயம் நின்று, மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் மூளை பட்டினி கிடந்துவிடுகிறது. கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயுவில் சரிகிறார், அவரைத் தூக்க இறங்கியவரும் சரிகிறார். பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து வயல் வீடுகளில் பூச்சிமருந்தும் பாம்பும். எந்த வழியாகக் கோமா வந்தது என்று தெரியாமல் மூளை அலையைப் படித்துக் குறி சொல்லக் கூடாது. ஒரே மாதிரி கோடு ஒருவருக்கு நம்பிக்கையாகவும் இன்னொருவருக்கு இடியாகவும் இருக்கும்.

இதயம் நின்று மீண்டவர்களிடம்தான் இ.இ.ஜி. மிகத் தெளிவாகப் பேசுகிறது. உடல் எடையில் 50-ல் ஒரு பங்கே உள்ள மூளை, நாம் மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு கிடையாது, அன்றாடங்காய்ச்சி. ரத்தம் நின்றால் 10 வினாடிகளில் நினைவு போகும். அடுத்த சில வினாடிகளில் இ.இ.ஜி. தட்டையாகும். ஆனால் அந்தத் தட்டைக்கோட்டுக்கு மரணம் என்று பொருள் இல்லை. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகள் முதலில் வேலையை நிறுத்துகின்றன, அணுக்கள் சாவது அதற்குப் பின்னால். கரண்ட் போனதும் தறி நின்றுவிடுகிறது, தறி உடையவில்லை. இதயம் மறுபடி துடித்த பிறகு அந்தத் தறிகள் எவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்குகின்றன என்பதைத்தான் நாம் கட்டிலருகே உட்கார்ந்து பார்க்கிறோம்.

நெதர்லாந்தில் என்ஸ்கெடே நகரத்தைச் சேர்ந்த ஹொஃப்மைஜரும் வான் புட்டனும் இதைப் பல ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்தார்கள். 12 மணி நேரத்துக்குள் அலை இடைவெளியில்லாமல் தொடர்ச்சியாக ஓடத் தொடங்கிவிட்டால் அந்த நோயாளி நல்லபடியாக எழுந்து வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டார்கள். 24 மணி நேரம் கழித்தும் கோடு ஒடுங்கியே கிடந்தால் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு வடிவமும் உண்டு: கொஞ்ச நேரம் அமைதி, திடீரென்று ஒரு வெடிப்பு, மறுபடி அமைதி, அடுத்த வெடிப்பு முந்தையதை அச்சில் வார்த்ததுபோல் அதே உருவத்தில். உயிருள்ள மூளை ஒரே வாக்கியத்தை அப்படியே திரும்பத் திரும்பச் சொல்வதில்லை. அதனால்தான் அந்த வடிவத்தைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு கலங்கும்.

காலம் இதில் முக்கியம் என்பதைக் கவனியுங்கள். 12 மணி நேரத்துக்குள் எடுத்த பதிவு பேசுவது ஒன்று, மூன்றாம் நாள் எடுத்த பதிவு பேசுவது இன்னொன்று. மூன்றாம் நாள் வரும்போது பெரும்பாலோரின் அலை ஓரளவு திரும்பியிருக்கும், யார் சீக்கிரம் திரும்பினார் என்ற தடயம் அழிந்திருக்கும். ஆகவே நல்ல செய்தி சொல்லும் இ.இ.ஜி. முதல் நாளுக்குரியது. அதே நேரத்தில், கெட்ட செய்தி சொல்ல முதல் நாளில் யாருக்கும் உரிமை இல்லை. 2021-ல் ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதயம் மீண்டு 72 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகும் இ.இ.ஜி. ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. கண்மணியின் ஒளி எதிர்வினை, மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் மூளைப் புறணியில் எழ வேண்டிய அலை, ரத்தத்தில் கசியும் நரம்பணுப் பொருளின் அளவு, ஸ்கேன் ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது ஒரே திசையில் கை காட்ட வேண்டும். மயக்க மருந்து உடம்பில் தங்கியிருந்தால் எல்லாக் கணக்கும் பொய். மிடசோலம் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியின் ஒடுங்கிய கோட்டைப் பார்த்து மூளை போய்விட்டது என்று சொல்வது, தூக்க மாத்திரை கொடுத்துவிட்டு இவன் சோம்பேறி என்பதற்குச் சமம்.

இந்த 72 மணி நேரத்தோடு இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18-ஆம் நாள் மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அந்தத் திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். வாசலில் முன்பணம் கேட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிய காலத்தைப் பார்த்தவன் நான். ஆனால் தலைக்காயத்தில் மூளை தன் கதையைச் சொல்ல 48 மணி நேரம் போதாது. தனியார் மருத்துவமனையில் மூன்றாம் நாள் காலையில் கட்டில் வாடகை, வென்ட்டிலேட்டர் வாடகை என்று மீட்டர் ஓடத் தொடங்கும்போது, உறவினர் டாக்டரிடம் கேட்கிறார்: “உண்மையச் சொல்லுங்க சார், தேறுவாரா மாட்டாரா? நாங்க அதுக்கேத்த மாதிரி பாத்துக்கறோம்.” நிலத்தை விற்பதா வேண்டாமா என்ற கணக்கு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அப்போது டாக்டர் உதட்டைப் பிதுக்கினாலே போதும், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். வழியில் மூச்சு கொடுக்கும் ஆம்புபேக்கை அமுக்கிக்கொண்டே வருபவர் வீட்டு வாசலில் கையை எடுத்துவிடுவார்.

இந்த இடத்தில் ஓர் அறிவியல் சிக்கலும் இருக்கிறது. பிழைக்கமாட்டார் என்று சொன்னோம், சிகிச்சை நின்றது, அவர் இறந்தார், நாம் சொன்னது சரியாயிற்று என்று கணக்கில் ஏறுகிறது. காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. மேலை நாடுகளில் சட்டப்படி, குடும்பத்தோடு கலந்து உயிர்காப்புக் கருவிகளை நிறுத்துகிறார்கள். அவர்களுடைய ஆய்வுகளிலேயே இந்தக் கறை உண்டு என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கருவியை நிறுத்தும் வழக்கம் குறைவாக இருந்த கொரியா, இத்தாலி போன்ற நாடுகளின் தரவுகளுக்கு அதனால்தான் தனி மதிப்பு. நம் நாட்டில் இப்படி நிறுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-லும், பிறகு 2018-லும், நடைமுறையை எளிதாக்கி 2023-லும் வழி வகுத்திருக்கிறது. ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்த நடைமுறை எதுவும் தெரியாது. அவர்களுடைய நீதிமன்றம் பணப்பை.

தலைக்காயத்தைப் பற்றிய எண் ஒன்றை மருத்துவ மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், அடிபட்டு இரண்டு வாரம் ஆகியும் உணர்வின்றிக் கண் மட்டும் திறந்து கிடந்த 79 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓர் ஆண்டு முடிவதற்குள் 62 பேருக்கு உணர்வு திரும்பியது. எல்லோரும் பழைய வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பொருள் இல்லை, பலருக்கு நீண்ட ஊனம் இருந்தது. ஆனால் இரண்டாம் வாரத்தில் ‘இனி ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருந்தால் 79-ல் 62 பேர் விஷயத்தில் அது பொய்யாகியிருக்கும். அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-லேயே, முதல் 28 நாட்களுக்குள் இப்படிப்பட்ட நோயாளிகள் எல்லோருக்கும் எதிர்காலமே இல்லை என்பதுபோல் பேசக் கூடாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

பாம்புக்கடியைச் சொல்லாமல் திருவள்ளூர் மாவட்டத்தில் கோமா பற்றிப் பேச்சை முடிக்க முடியாது. கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாக இராது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றைப் பிசையும், இமை தொங்கும், பிறகு தொண்டை, பிறகு மூச்சு. மருத்துவமனைக்கு வரும்போது கை கால் அசையாது, கண்மணி விரிந்து ஒளிக்குச் சுருங்காது, கிள்ளினால் சுருக்கமே இல்லை. மூளைச்சாவின் அடையாளங்கள் எல்லாம் இருக்கும். நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது அப்படி ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவன், பதின்மூன்று வயதிருக்கும். கட்டிலைச் சுற்றி நின்று நாங்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்ற குரலில் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் ஆசிரியர் எதுவும் சொல்லாமல் இ.இ.ஜி. வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். கோட்டில் ஆல்ஃபா அலை ஓடியது. வினாடிக்கு ஒன்பது பத்து என்று, கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிற எந்தப் பையனுக்கும் ஓடுவது போல. ஆசிரியர் அவன் காதருகே குனிந்து, “தம்பி, நீ முழிச்சுக்கிட்டுதான் இருக்கே, எங்களுக்குத் தெரியும். பயப்படாதே, ரெண்டு மூணு நாள்ல கை வரும்” என்றார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்மேல் இருக்கிறது. விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவே உள்ள சந்தியைத்தான் பூட்டியிருந்தது, மூளையை அது தொடவே இல்லை. அந்தப் பையன் நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் கோமாவையும் மூளைச்சாவையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். மூளைச்சாவு என்பது மூளைத்தண்டு முழுதும் செத்து, தானாக மூச்சு விடும் ஆற்றலே அற்றுப்போன நிலை. சட்டப்படி அது மரணம். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அதில் இ.இ.ஜி. கட்டாயமில்லை. மயக்க மருந்து, உடல் குளிர்ச்சி, தசையை முடக்கும் விஷம் இவற்றை முதலில் விலக்கிய பிறகே சோதனை தொடங்க வேண்டும். 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தக் கொடை தமிழ்நாட்டையே மாற்றியது. அந்த நம்பிக்கை நிலைத்து நிற்க வேண்டுமென்றால், கோமாவில் இருப்பவருக்கு எல்லா வாய்ப்பும் தந்த பிறகே இந்தப் பேச்சு எழுகிறது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது கணினிக்கு வருகிறேன். 2023-ல் ‘பிசியோநெட் சவால்’ என்ற பெயரில் உலகளாவிய போட்டி ஒன்று நடந்தது. இதயம் நின்று மீண்டு கோமாவில் இருந்த 1,020 பேரின் பதிவுகள், பல்லாயிரம் மணி நேர இ.இ.ஜி. இவற்றில் பெரும்பகுதியைப் பொதுவில் வைத்து, யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று சொல்லும் நிரலை எழுதுங்கள் என்றார்கள். அத்தனை மணி நேரத்தையும் ஒரு மருத்துவன் உட்கார்ந்து படித்து முடிப்பது அரிது. கணினி படிக்கும், அலுக்காமல் படிக்கும். நெடுகிலும் அலை எப்படி மாறி வந்தது என்பதைப் பின்தொடரும். இந்த முயற்சியை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன்.

ஆனால் இரண்டு செய்திகளை உங்களிடம் சொல்லியாக வேண்டும். போட்டியில் மதிப்பெண் போட்ட முறைப்படி, உண்மையில் தேறக்கூடிய 100 பேரில் ஐந்து பேர் வரை தவறாகத் ‘தேறமாட்டார்’ பட்டியலில் விழுவதற்கு இடம் இருந்தது. போட்டிக்கு அது நியாயமான வரம்பாக இருக்கலாம். கட்டிலருகே அது ஏற்கத்தக்கதல்ல. அந்த ஐந்து பேருக்கும் வீடு உண்டு. இன்னொன்று, பதிவுகள் வந்த ஏழு மருத்துவமனைகளும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவை. இந்திய மருத்துவமனை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே இதயம் நின்றால் பக்கத்தில் இருப்பவர் மார்பை அழுத்தத் தெரிந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே மின்னதிர்ச்சியில் விழுந்தவரைச் சுற்றி நின்று கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். அங்கே நோயாளியின் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறை வேறு, கொடுக்கும் மயக்க மருந்து வேறு, கருவியை நிறுத்தும் நாள் வேறு. அந்தத் தரவில் வளர்ந்த நிரல் நம் நோயாளியைப் பார்த்துச் சொல்லும் சொல்லை, நம் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்காமல் ஏற்க முடியாது.

இதற்கெல்லாம் பெரிய கட்டடம் வேண்டாம். வழக்கமான எம்.ஆர்.ஐ. கருவியை நோயாளியிடம் கொண்டுபோக முடியாது, இ.இ.ஜி.யைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போகலாம். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இங்கே பதிவு செய்து, சென்னையில் இருக்கும் நரம்பியல் மருத்துவர் அதே இரவில் படித்துச் சொல்வது இன்றைய இணைய வேகத்தில் கடினமான காரியம் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து நோயாளியைச் சென்னைக்குக் கொண்டுபோகும் ஏறக்குறைய 50 கிலோமீட்டரும், மாதவரம் நெரிசலும், இறக்கி ஏற்றும் நேரமும் சேர்ந்து அந்த முதல் 12 மணி நேரத்தைத் தின்றுவிடுகின்றன. நல்ல செய்தி சொல்லக்கூடிய 12 மணி நேரம் அது. நம் மாவட்டத்தில் இ.இ.ஜி. செய்ய வேண்டிய முதல் வேலை, யாரை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று உறவினரிடம் காகிதத்தோடு சொல்வது. “பாருங்கம்மா, அலை தொடர்ந்து ஓடுது, இன்னும் நாலு நாள் பொறுங்க” என்று சொல்ல ஒரு சான்று இருந்தால் எத்தனை கையெழுத்துகளைத் தடுத்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கடைசியாக, தலைப்பில் வைத்த கேள்வி.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யான் கிளாசனும் அவர் குழுவினரும் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளை அடிபட்டு எந்தக் கட்டளைக்கும் அசையாமல் கிடந்த 104 பேரின் காதில், வலது கையைத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள் என்று ஒலிப்பதிவில் சொன்னார்கள். பிறகு, நிறுத்துங்கள் என்றார்கள். கை அசையவில்லை. ஆனால் அந்த இரண்டு கட்டளைகளுக்கும் மூளை அலை வெவ்வேறாக மாறுகிறதா என்று கணினி பார்த்தது. 16 பேரிடம் மாறியது. அவர்கள் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், முயன்றார்கள், கைதான் வரவில்லை. ஓர் ஆண்டுக்குப் பிறகு அந்த 16 பேரில் ஏழு பேர் பகலில் எட்டு மணி நேரமாவது தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். மாற்றம் தென்படாதவர்களில், ஓராண்டு வரை கவனிக்க முடிந்த 84 பேரில் அப்படி வந்தவர்கள் 12 பேர். 2024-ல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வில், கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேரிடம், நான்கில் ஒருவரிடம், இந்த மறைந்த விழிப்பு தெரிந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கண்ணெதிரே கட்டளையைக் கேட்டு அசைந்தவர்களிலேயே 38 சதவீதம் பேரிடம்தான் இத்தகைய சோதனை விழிப்பைக் கண்டுபிடித்தது. ஆகவே சோதனையில் தெரிந்தால் மகிழலாம். தெரியவில்லை என்றால் ஒன்றும் முடிந்துவிடவில்லை.

கிளாசனின் ஆய்வைப் படித்தபோது எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சிப்காட் பகுதியிலிருந்து ஒரு தொழிலாளியைக் கொண்டுவந்திருந்தார்கள். மேலேயிருந்து விழுந்து தலையில் அடி. பிகாரிலிருந்து வந்தவர், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுக்காரர். கூட வந்த சூப்பர்வைசர் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். தினமும் காலை ரவுண்ட்ஸில் நான் அவர் தோளைத் தட்டி, “கண்ணைத் திறப்பா, கையைத் தூக்குப்பா” என்று உரக்கச் சொல்வேன். கிள்ளினால் என் கையைத் தட்டிவிடுவார், சொன்னால் எதுவும் செய்யமாட்டார். கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதுவேன். 1974-ல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த கோமா அளவுகோலில் அதற்கு ஒரு மதிப்பெண் குறையும். ஒன்பது நாள் அப்படி எழுதினேன். ஒன்பது நாளும் தமிழில் கேட்டேன்.

பத்தாம் நாள் ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வந்து சேர்ந்தார். மூன்று ரயில் மாறி, டிக்கெட் வாங்கிய காசு போக ஒரு துணிப்பையோடு. உள்ளே விட நேரமில்லை என்று செவிலியர் சொன்னார், நான்தான் விடச் சொன்னேன். அண்ணன் தம்பியின் காதருகே குனிந்தார். என்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சைகையில் கேட்டார். நான் என் கையை மூடித் திறந்து காட்டினேன். அவர் மெதுவாக, வீட்டில் தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல், “முட்டி கோல், பாபு. முட்டி கோல்” என்றார்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் வெளிமாநிலத் தொழிலாளி யார் வந்தாலும், முதல் நாளே அவரோடு தங்கியிருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, என் செல்போனில் ஐந்தாறு வார்த்தைகளைப் பதிந்து வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். கண்ணைத் திற, கையை மூடு, கையைத் திற, நாக்கை நீட்டு. இந்தி, போஜ்புரி, ஒடியா, வங்காளம், சந்தாளி. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தெலுங்கு. நான் ஓய்வு பெற்றபோது அந்தப் பதிவுகள் நாற்பதுக்கும் மேல் இருந்தன. இந்த அறக்கட்டளையின் இவ்வாண்டு நல்கையை எதற்குச் செலவிடலாம் என்று அதை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் கேட்டார்கள். ஒரு சக்கர இ.இ.ஜி. கருவிக்கும், அதை எடுக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியனின் சம்பளத்துக்கும், ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் குரல்கள் இருக்கும் செல்போனை இன்று கையோடு எடுத்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். சந்தாளிப் பதிவில் மட்டும் பின்னால் லாரி சத்தம் கேட்கிறது, யாராவது மறுபடி எடுத்தால் நல்லது.